வெள்ளம் புகுந்த வாடகை வீடும் எங்கள் பொருட்களுக்கான காப்பீடும்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. வேளச்சேரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்கு ஓடினோம். மூன்றாம் நாள் இறங்கி வந்து பார்த்தால் ஃபிரிட்ஜ் கவிழ்ந்து கிடந்தது. வாஷிங் மெஷின், மெத்தைகள், இன்வெர்ட்டர் பேட்டரி, பீரோவில் இருந்த துணிகள் எல்லாமே சேற்றில்.

அந்த நேரத்தில் என்னிடம் பாலிசி இருந்ததற்குக் காரணம், முந்தைய ஆண்டு வீட்டு ஓனரிடம் கேட்ட ஒரு கேள்வி. "பேங்க் லோன் வாங்கும்போதே இன்சூரன்ஸ் போட்டாச்சும்மா" என்றார். எங்கள் பொருட்களும் அதில் சேரும் என்றே அவரும் நினைத்திருந்தார். தாளை வாங்கிப் படித்தேன். கட்டடத்துக்கு மட்டும்தான் காப்பீடு. வாடகைக்கு இருப்பவரின் ஒரு நாற்காலிகூட அதில் இல்லை.

அப்புறம்தான் 'பாரத் கிருஹ ரக்ஷா' பற்றித் தெரிந்துகொண்டேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த பொதுவான வீட்டுப் பாலிசி இது. கட்டடத்தை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். தீ, புயல், வெள்ளம், தண்ணீர்த் தொட்டி உடைவது எல்லாம் இதில் வரும். நான்கு லட்சத்துக்கு எடுத்தேன். ஆண்டு பிரீமியம் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவுதான்.

கிளெய்ம் சமயத்தில் நான் செய்த பெரிய தவறு மெத்தையில். நாற்றம் தாங்காமல் மூன்று மெத்தைகளையும் மாநகராட்சி லாரியில் ஏற்றிவிட்டேன், ஒரு போட்டோகூட எடுக்காமல். சேதத்தை மதிப்பிட காப்பீட்டு நிறுவனம் அனுப்பி, பத்து நாள் கழித்து வந்த சர்வேயர் முதலில் கேட்டதே, "சேதமான பொருள் எங்கே?" என்றுதான். மெத்தைக்கு ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. அவர் பார்த்து எழுதும்வரை எதையும் வீசக்கூடாது. வீசியே ஆகவேண்டுமென்றால் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, நிறுவனத்துக்கு மெயில் அனுப்பிவிட்டு வீசுங்கள்.

ஃபிரிட்ஜைப் பார்த்ததும், தண்ணீர் வரும்போது கரன்ட் இருந்ததா என்று அவர் துருவித் துருவிக் கேட்டார். அன்று எனக்குப் புரியவில்லை. ஷார்ட் சர்க்யூட்டால் ஒரு கருவி தனக்குத் தானே கருகினால், அந்தக் கருவிக்குப் பாலிசியில் பணம் கிடையாது. வெள்ளத்தால் கெட்டதா, மின்கோளாறால் கெட்டதா என்பதுதான் கேள்வி. மெயினை அணைத்திருந்தது எங்களைக் காப்பாற்றியது. தண்ணீர் வடிந்ததும் 'ஓடுதா பார்ப்போம்' என்று யாரும் சுவிட்சைப் போடாதீர்கள். உயிருக்கும் ஆபத்து, கிளெய்முக்கும் சிக்கல்.

பில்கள் பாதி நனைந்து கிழிந்துவிட்டன. ஃபிரிட்ஜுக்குக் கடைக்காரரிடம் நகல் கிடைத்தது. வாஷிங் மெஷினுக்கு வங்கிக் கணக்கில் பணம் போன பக்கத்தைக் கொடுத்தேன். பீரோவுக்கு எதுவும் இல்லை. மகளின் பிறந்தநாள் போட்டோவில் பின்னால் பீரோ நின்றது. அதைக் காட்டினேன், ஏற்றுக்கொண்டார். அந்த வீட்டில்தான் குடியிருந்தோம் என்பதற்கு வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். பீரோவில் நனைந்த ரொக்கமும் சான்றிதழ்களும் என் பாலிசிக்குள் வரவில்லை. ஸ்கூட்டருக்கு அதன் சொந்த பாலிசியில் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது.

இரண்டு மாதம் இழுத்தது. பதிலே வராமல் இருந்தபோது நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். அதற்கும் 30 நாளில் பதில் வராவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அதுவரை போகவேண்டி வரவில்லை. மெத்தை போக மற்றவற்றுக்கு, கெட்டுப்போன சாமானைப் பழைய சாமானாக விற்றால் கிடைக்கும் விலையைக் கழித்துக்கொண்டு பணம் வந்தது.

இப்போது முதல் மாடிக்கு மாறிவிட்டோம். பாலிசியைப் புதுப்பிக்கும்போது இன்னொன்றையும் கவனித்தேன். இதில் திருட்டுக்குப் பணம் கிடைப்பது, வெள்ளம், தீ போன்ற சம்பவம் நடந்து, அதன் காரணமாக 7 நாட்களுக்குள் நடந்தால் மட்டுமே. சாதாரண நாளில் பூட்டை உடைத்துத் திருடினால் கிடையாது. அதற்குத் தனியாக ஒரு பாலிசி சேர்த்திருக்கிறேன். பில்களை எல்லாம் போட்டோ எடுத்துத் தங்கைக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன்.