மோன்சா தாள், மூன்றாம் முறை

இது 2024 நவம்பர். ஃபார்முலா 1 கார்ப் பந்தயப் பருவத்தில் பிரேசில் பந்தயத்துக்கும் லாஸ் வேகஸ் பந்தயத்துக்கும் இடையே கிடைத்திருக்கும் மூன்று வார ஓய்வில், இத்தாலியின் மோன்சா பந்தயத்துக்காகச் செப்டம்பர் 1 அன்று சுற்றுவாரியாகக் குறிப்பெழுதிக் கெடுத்த தாளை மறுபடியும் எடுத்து, மூன்றாவது முறையாக வரைந்து முடித்துவிட்டேன். ஃபெராரி ஓட்டுநர் லெக்லெர் 3.4 விநாடி முன்னிலையில் வெல்வார் என்று இம்முறை கணக்கு சொல்கிறது. அவர் மெக்லாரன் ஓட்டுநர் பியாஸ்ட்ரியை உண்மையில் வென்றது 2.664 விநாடியில். பந்தயத்தன்று நாற்பதாவது சுற்றில் "பியாஸ்ட்ரி, 50-ஆவது சுற்றில் கடப்பார்" என்று அதே தாளின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி, இருமுறை அடிக்கோடும் இட்டவன் நான் என்பதால், இந்தத் திருத்தத்தையும் எழுதி வைப்பதுதான் முறை.

2024 பருவத்தின் 24 ஃபார்முலா 1 பந்தயங்களுக்கும், பந்தயத்துக்கு ஒன்றாக, ஏ3 அளவு கிராஃப் தாளில் சுற்றுவாரியாகக் கையால் குறிப்பெழுதுவது என்று பிப்ரவரியில் முடிவு செய்தேன். இதுவரை 21 தாள்கள் சேர்ந்துள்ளன. இருபது கார்களுக்கு இருபது வரிசை, சுற்றுக்கு ஒரு பத்தி என்ற அமைப்பில், 53 சுற்று கொண்ட மோன்சாவுக்கு 1,060 கட்டங்கள் வருகின்றன. வெற்றியாளரின் சராசரிச் சுற்று அங்கே 84 விநாடிதான் என்பதால் ஒரு காருக்கு நான்கு விநாடி கிடைக்கிறது. அதற்குள் அது எத்தனையாவது இடத்தில் ஓடுகிறது என்பதையும், தேர்ந்தெடுத்த ஆறு கார்களுக்கு மட்டும் சுற்று நேரத்தையும் குறித்துக்கொள்கிறேன். "மாமா, இதெல்லாம் போன்லயே வருதுங்களே, அப்புறம் எதுக்குங்க கையில எழுதிட்டிருக்கீங்க?" என்று தங்கை மகன் கேட்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை. திரையில் தெரியும் இடைவெளி எந்தச் சுற்றில் தொடங்கியது என்பது, நானே எழுதினால்தான் எனக்கு நினைவில் நிற்கிறது. இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இப்பழக்கம் 2005 மார்ச்சில், எங்கள் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் மெல்பர்னில் களமிறங்கியபோது தொடங்கியது. அவ்வாண்டு ஜூனில், மிஷெலின் டயர் அணிகள் அனைத்தும் விலகிக்கொள்ள, இண்டியானாபொலிஸில் ஆறே கார்கள் ஓடின; கார்த்திகேயன் நான்காவதாக முடித்தார். பிழையே இல்லாமல் நான் எழுதி முடித்த ஒரே தாள் அதுதான்.

ஒளிபரப்பைப் பற்றி ஒரு முறையீடு உண்டு. நான் பணம் கட்டிப் பார்க்கும் ஒளிபரப்பு, சுற்று நேரங்களை உடனுக்குடன் காட்டும் டைமிங் திரைக்கு ஏறத்தாழ அரை நிமிடம் பின்தங்கி வருகிறது. அந்தத் தாமதமும் ஒரே அளவில் நிற்பதில்லை. இரண்டையும் ஒத்திசைக்க மே மாதம் வரை போராடிவிட்டு, பின்னர் டைமிங் திரையை மட்டும் பார்த்து எழுதுவது, படத்தை ஏற்கெனவே நடந்து முடிந்த செய்தியாகப் பார்ப்பது என்று மாறிக்கொண்டேன். ஒருவர் காரை நிறுத்திவிட்டார் என்று எனக்குத் தெரிந்த பிறகும், படத்தில் அவர் அரை நிமிடம் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைப் பார்ப்பது சற்று விசித்திரமான அனுபவம்.

இந்தப் பருவம் முழுவதும் என்னை அலைக்கழித்தவை பிட் இழப்பும் (டயர் மாற்றப் பாதையோர நிறுத்தத்துக்கு, அதாவது பிட்டுக்கு, வந்து போவதில் இழக்கும் நேரம்) டயர்ச் சரிவும் (டயர் பழசாகப் பழசாகக் குறையும் வேகம்). பிட் இழப்பைக் கணக்கிடுவது எளிது என்றே முதலில் எண்ணினேன்: உள்ளே வரும் சுற்றின் நேரத்திலிருந்து வழக்கமான சுற்று நேரத்தைக் கழித்தால் போதும் என்று பஹ்ரைனிலும் ஜெட்டாவிலும் செய்தேன், ஒவ்வோர் அணிக்கும் வெவ்வேறு விடை வந்தது. முடிவுக்கோடு பிட் பாதைக்கும் குறுக்கே நீள்கிறது என்பதும், கோட்டுக்கு முன்னால் இடம் பெற்ற அணியின் கார் நின்ற நேரம் உள்வரும் சுற்றிலும், கோட்டைத் தாண்டி இடம் பெற்ற அணியின் கார் நின்ற நேரம் வெளியேறும் சுற்றிலும் சேர்கிறது என்பதும் பிறகுதான் உறைத்தது. 1998-இல் சில்வர்ஸ்டோனில் ஷூமாக்கர் தண்டனையை நிறைவேற்றக் கடைசிச் சுற்றில் பிட்டுக்குள் நுழைந்து, தம் அணியின் இடத்தை எட்டுவதற்கு முன்பே கோட்டைக் கடந்து வெற்றி பெற்றதைத் தெரிந்து வைத்திருந்தவனுக்கு இது ஆறு மாதத் தாமதமின்றி விளங்கியிருக்க வேண்டும். இப்போது இரு சுற்றுகளையும் கூட்டி, வழக்கமான இரு சுற்றுகளைக் கழிக்கிறேன். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: வெளியேறும் சுற்றின் பெரும்பகுதியைப் புதிய டயரில் ஓடுவதால், உண்மையான இழப்பு சற்றுக் குறைவாகத் தோன்றும். எனவே அந்த இரு சுற்றுகளிலும் பிட்டுக்கு வராத ஒரு காரை அளவுகோலாக வைத்து, முன்பிருந்த இடைவெளியையும் பின்பு உண்டான இடைவெளியையும் ஒப்பிட்டு, புதிய டயர் தந்த ஆதாயத்தைத் தனியே எழுதுகிறேன். பிட் பாதையில் மணிக்கு 80 கிலோமீட்டர், பக்கத்திலிருக்கும் நேர்ப்பாதையில் 300-க்கு மேல் என்றிருக்கும் மோன்சாவில், ஒரு நிறுத்தத்துக்கு ஏறத்தாழ 24 விநாடி போய்விடுகிறது. ஒரே நிறுத்தத்தில் முடிக்க முயல்பவருக்கு ஆசையூட்டுவது இந்த 24 விநாடிதான்.

டயர்ச் சரிவுக்கு எரிபொருளைக் கழிக்க வேண்டும். பத்துக் கிலோவுக்கு 0.3 விநாடி என்ற பொதுவிதியையும், 2024 விதிப்படி உச்சவரம்பான 110 கிலோவையும் எடுத்துக்கொண்டால், மோன்சாவில் சுற்றுக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எரிகிறது. அதாவது டயர் தேயாமலே இருந்தால் கார் ஒவ்வொரு சுற்றிலும் 0.06 விநாடி வேகமாக வேண்டும். பத்துச் சுற்றுகளாக ஒருவரது நேரம் மாறாமல் நிற்கிறது என்றால், அவரது டயர் 0.6 விநாடியை இழந்துவிட்டது என்றே பொருள். இதைக் கழிக்காமல் பார்த்த ஆரம்பத் தாள்களில் எல்லாருமே டயரைக் காப்பதில் வல்லவர்களாகத் தெரிகிறார்கள்.

இனி மோன்சா. முதலிடத்திலிருந்து கிளம்பிய நாரிஸை முதல் சுற்றின் இரண்டாவது சிகேனில் (வேகத்தைத் தணிக்கும் எஸ் வடிவ வளைவில்) அவருடைய அணித் தோழர் பியாஸ்ட்ரி முந்த, அந்தத் தடுமாற்றத்தில் லெக்லெரும் முன்னேறினார். நாரிஸ் 14-ஆவது சுற்றிலும், லெக்லெர் 15-ஆவதிலும், பியாஸ்ட்ரி 16-ஆவதிலும் டயர் மாற்றினார்கள். இதில் நாரிஸ் அண்டர்கட் (முன்னதாகவே டயர் மாற்றி, புதிய டயரின் வேகத்தால் முந்துவது) மூலம் லெக்லெருக்கு முன்னால் வந்துவிட, மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்ட ஃபெராரி தோற்றுவிட்டதாகவே எண்ணினேன். பிறகு நாரிஸ் 32-ஆவது சுற்றிலும் பியாஸ்ட்ரி 38-ஆவது சுற்றிலும் இரண்டாம் முறை உள்ளே வர, லெக்லெரும் அவருடைய ஃபெராரி அணித் தோழர் சைன்ஸும் வெளியிலேயே இருந்தார்கள். பதினைந்து சுற்றுகள் மிச்சம். சுற்றுக்கு ஒரு விநாடிக்கும் சற்று மேல் பிடித்தால் பியாஸ்ட்ரிக்கு வெற்றி. அந்த வேகம் அவருக்கு உண்டு என்று என் தாள் சொன்னது, நானும் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

அன்றிரவே இரண்டாம் முறை வரைந்தபோது ஒரு பிழையை மட்டும் கண்டேன். பிட்டிலிருந்து வெளியே வந்த பியாஸ்ட்ரிக்கும் லெக்லெருக்கும் நடுவே சைன்ஸ் இருந்தார். அவரை நெருங்கிக் கடப்பதில் செலவாகும் நேரத்தை நான் சுழி என்றே வைத்திருந்தேன். அதைச் சேர்த்த பின்னரும் கணக்கு பியாஸ்ட்ரியையே கடைசிச் சுற்றில் வெல்ல வைத்தது. தாளைச் சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். அதே ஞாயிறு இரவு சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருப்பாதையில் ஃபார்முலா 4 கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. நண்பர்கள் அங்கே சென்று இரைச்சலை நேரில் கேட்டுக்கொண்டிருக்க, நான் வீட்டில் ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம் அகப்பட்டவை மற்ற இரு பிழைகள். பியாஸ்ட்ரியின் புதிய டயர் வேகத்தை, நாரிஸ் 32-ஆவது சுற்றுக்குப் பிறகு ஓடிய முதல் சில சுற்றுகளிலிருந்து எடுத்து, அது பதினைந்து சுற்றுகளுக்கும் அப்படியே நிற்கும் என்று நீட்டியிருந்தேன். இது சோம்பல். இதைவிடப் பெரிய பிழை லெக்லெரின் கோட்டில் இருந்தது. அவர் முதல் 15 சுற்றுகள் மீடியம் (நடுத்தர) டயரில் ஓடியபோது கண்ட சரிவையே, ஹார்டு (கடின) டயரின் 38 சுற்றுகளுக்கும் நேர்கோடாக வரைந்திருந்தேன். மோன்சாவில் அவ்வாண்டு புதிதாகத் தார் போட்டிருந்தார்கள்; டயரின் மேற்பரப்பு சுருண்டு கிழியும் கிரெய்னிங் வார இறுதி முழுவதும் தொல்லை தந்தது. ஆனால் கிரெய்னிங் என்பது தேய்மானம் அன்று. பொறுமையாக ஓட்டினால் சுருண்ட ரப்பர் உதிர்ந்து, மேற்பரப்பு மீண்டும் வழவழப்பாகி, வேகம் திரும்பிவிடும். ஆகவே வரைய வேண்டியது நேர்கோடு அன்று. முதலில் இறங்கி, நடுவில் சமநிலை கண்டு, மிகப் பின்னரே மறுபடி இறங்கும் ஒரு வளைகோடு. லெக்லெரின் சுற்று நேரங்களிலிருந்து எரிபொருளைக் கழித்துப் புள்ளி வைத்தால் அந்த வளைவு தாளிலேயே கிடக்கிறது. செப்டம்பரிலும் அங்கேதான் கிடந்தது. நான் அளவுகோலை வைத்து அதன்மேல் நேர்கோடு இழுத்துவிட்டேன்.

விடை தெரிந்த கணக்கை விடைக்கு ஏற்பத் திருத்துவது ஒன்றும் பெரிய வித்தை அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் தாள் முன்கூட்டியே சரியாகச் சொன்ன ஒரே பெரிய கணிப்பு ஜூலை 28-இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் அமைந்தது. பத்தாவது சுற்றில் டயர் மாற்றிய ரஸ்ஸல், மீதி 34 சுற்றுகளையும் ஒரே டயரில் தாக்குப்பிடிப்பார் என்று எழுதினேன், அவரும் ஹாமில்டனை 0.526 விநாடியில் முந்தி வந்தார். சில மணி நேரத்தில், கார் குறைந்தபட்ச எடையான 798 கிலோவுக்குப் பதில் 796.5 கிலோவே இருந்தது என்று அவரைத் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். என் எரிபொருள் விதிப்படி 1.5 கிலோ என்பது சுற்றுக்கு 0.045 விநாடி, 44 சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு விநாடி. டயர் தேயத் தேயத்தான் எடை குறைந்திருக்கும் என்பதால் அதை முழுதாகக் கணக்கில் எடுக்க முடியாது என்றாலும், அந்த எண்ணைத் தாளின் மூலையில் எழுதி வைத்திருக்கிறேன்.

பிரேசில் தாளைத் திருத்தும் எண்ணமே இல்லை. சனிக்கிழமை மழையால், கிளம்பும் வரிசையை முடிவு செய்யும் தகுதிச்சுற்று ஞாயிறு காலைக்குத் தள்ளிப்போனது, அணிவகுப்புச் சுற்றிலேயே ஸ்ட்ரோல் விபத்துக்குள்ளானார், பந்தயம் 69 சுற்றாகக் குறைந்தது. நடுவில் நாரிஸும் ரஸ்ஸலும் டயர் மாற்ற உள்ளே வந்த சற்று நேரத்தில் கொலபின்டோ மோத, பந்தயத்தை நிறுத்தி வைக்கும் செங்கொடி காட்டப்பட்டது; அந்த நிறுத்தத்தில் டயர் மாற்றிக்கொள்ளலாம். வெளியிலேயே நின்ற ஒக்கோன், வெர்ஸ்டாப்பன், காஸ்லி மூவருக்கும் டயர் மாற்றம் இழப்பே இல்லாமல் கிடைத்தது. பிட் இழப்புக்கென்று நான் வகுத்த முறைகள் எல்லாம் அந்த ஒரு கொடிக்கு முன்னால் செல்லாமல் போயின. 17-ஆமிடத்திலிருந்து கிளம்பிய வெர்ஸ்டாப்பன் வென்ற அந்தத் தாளில் அவருடைய கோடு ஏறுவதைப் பார்க்க மட்டும் அவ்வப்போது எடுத்து விரிக்கிறேன்.

எழுதுபொருள் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான்கு நிறப் பேனா இவ்வேலைக்கென்றே செய்தது போலத் தோன்றும்: சிவப்பு சாஃப்ட், பச்சை இன்டர் (இலேசான ஈரத்துக்கானது), நீலம் மழை டயர். ஹார்டு டயரின் வெள்ளைக்குக் கறுப்பை வைத்துக்கொள்ளலாம். மிக அதிகமாகத் தேவைப்படும் மீடியத்தின் மஞ்சள்தான் அதில் இல்லை, தனியே வாங்கிய மஞ்சள் ஸ்கெட்ச் பேனா கிராஃப் தாளில் கண்ணுக்கே தெரியவில்லை. இப்போது காவி நிறத்தில் எழுதுகிறேன். டவுன்ஹால் பக்கத்தில் வழக்கமாக வாங்கும் கடையில் மெல்லிய கோடிட்ட ஏ3 தாள் வருவது நின்றுவிட்டது. கட்டம் தடித்த புதிய தாளில் பென்சில் குறி மறைந்துவிடுகிறது. ஹாமில்டன் ஃபெராரிக்குச் செல்லும் 2025 பருவத்துக்கென்று பழைய தாளில் முப்பதை இப்போதே பதுக்கி வைத்திருக்கிறேன். இரண்டு ஃபெராரிகளின் சுற்று நேரத்தையும் எழுதினால் ஆறு காரில் யாரை விடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.

அதற்கு முன் மூன்று பந்தயங்கள் இருக்கின்றன. ஓட்டுநர் பட்டத்துக்கான போட்டியில் வெர்ஸ்டாப்பனுக்கு நாரிஸைவிட 62 புள்ளி முன்னிலை, இனி ஒருவர் பெறக்கூடியவை அதிகபட்சம் 86. அணிகளில் மெக்லாரனுக்கும் ஃபெராரிக்கும் இடையே 36 புள்ளிகள்தான் என்பதால் என் கவனமெல்லாம் அங்கேதான். லாஸ் வேகஸ் இரவுப் பந்தயம் நமக்கு ஞாயிறு காலை 11.30 மணிக்கு வருகிறது. குளிர்ந்த தார், அதனால் மறுபடியும் கிரெய்னிங். வளைகோடு மெய்யாகவே பயன்படுமா என்பது, விடை தெரியாத அந்தப் பந்தயத்தில்தான் தெரியும். ஐம்பது பத்திகளையும் கோடு போட்டு முடித்துவிட்டேன், சுற்று நேரத்தை வாசித்துச் சொல்லத் தங்கை மகன் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான், கணிப்பு எழுதும் ஓரத்தை இந்தத் தடவை பென்சிலுக்கென்று விட்டுவைத்திருக்கிறேன்.