பூர்பூலுக்கு இமை அறுவை: அளவெடுப்பதில்தான் எல்லாம்

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் காவலுக்குப் பூர்பூல் என்கிற தென்னாப்பிரிக்கப் பெரிய நாய் வளர்க்கிற வீடுகளில், குட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரிந்தால் தூசி என்று சொல்லி மஞ்சள் தண்ணீரால் துடைத்துவிடுவது வழக்கம். வேண்டாம். கீழ் இமையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பு தெரியாமல் உள்ளே சுருண்டு, ஈர மயிர் கருவிழியில் உரசினால் அது இமை உள்மடிப்பு. மறுநாளே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அங்கே முதலில் ஃப்ளோரசின் சாயம் விடுவார்கள். கருவிழியில் பச்சை ஒட்டி நின்றால் புண் இருக்கிறது. புண் உள்ள கண்ணில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு விட்டால் புண் ஆறாது, ஆழமாகி ஓட்டையே விழலாம். வீட்டில் மீந்துபோன சொட்டு மருந்தை எடுத்து விடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அடுத்து வருவது மரத்துப்போகச் செய்யும் சொட்டு. இதை விடாமல் அறுவைக்குத் தேதி கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். கண் வலித்தால் நாய் இமையை இறுக்கும். இறுக்கினால் இமை இன்னும் உள்ளே போகும். உரசல் கூடி வலி ஏறும். சொட்டு விட்டு ஓரிரு நிமிடத்தில் இறுக்கம் விட்டதும் மிச்சம் நிற்கிற சுருட்டல்தான் உடலமைப்பில் உள்ள உண்மையான கோளாறு. இமை முழுசாக நேராகிவிட்டால் முதலில் புண்ணை ஆற்ற வேண்டும், கத்தி அப்புறம். எவ்வளவு தோல் எடுப்பது என்பதையும் நாய் விழித்திருக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். மயக்கம் கொடுத்தபின் தசை தளர்ந்து, கண்ணும் குழிக்குள் இறங்கிவிடும். அப்போது எடுக்கிற அளவு தப்பாகும்.

அறுவையின் பெயர் ஹாட்ஸ்-செல்சஸ். இமை விளிம்பிலிருந்து 2 மி.மீ. போல விட்டு, பிறை வடிவில் தோலை வெட்டி எடுத்து, 5-0 அல்லது 6-0 எண் மெல்லிய நூலால் நெருக்கமாகத் தைப்பார்கள். விளிம்பை விட்டுத் தள்ளி வெட்டினால் இமை சரியாகத் திரும்பாது. முடிச்சின் வால் நீளமாக இருந்தால் மயிர் செய்த வேலையை நூல் செய்யும். கொஞ்சம் குறைவாக வெட்டுகிற டாக்டரை நம்பலாம்: குறைந்தால் இன்னொரு முறை எடுக்கலாம், கூடிப்போனால் இமை வெளியே தொங்கிவிடும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

பூர்பூல் மாதிரிப் பெரிய தலை நாய்களுக்கு இமையே நீளம் கூடி, நடுவில் தொங்கி, ஓரத்தில் சுருளும். தோலை மட்டும் எடுத்தால் போதாது, இமையைக் குறுக்கவும் வேண்டும். அது கண் நிபுணரின் வேலை. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை ஒண்டர்ஸ்டபோர்ட்டில் இருக்கிறது; டர்பனிலிருந்து நெடுந்தூரம்தான்.

சின்னக் குட்டிக்கு அவசரப்பட்டுத் தோல் வெட்டக் கூடாது, முகம் இன்னும் வளர வேண்டும். தற்காலிகத் தையல் போட்டு இமையை வெளியே இழுத்து வைப்பார்கள். அது அவிழ்ந்தால் மறுபடி போடலாம்.

வீட்டுக்கு வந்ததும் கூம்புக் காலர், தையல் பிரிக்கும் 10 முதல் 14 நாள் வரை, சாப்பிடும்போதும் தூங்கும்போதும். பாவமாக இருக்கிறது என்று கழற்றினால் ஒரே தேய்ப்பில் தையல் போய்விடும். முதல் சில நாள் வீக்கத்தில் இமை பிதுங்கித் தெரியும், பயப்பட வேண்டாம். பலனை ஒரு மாதம் கழித்துத்தான் எடைபோட முடியும். சீழ் வந்தாலும், கண்ணைத் திறக்கவே மறுத்தாலும் மட்டும் அன்றே ஓடுங்கள்.

பூனைக்கு இது வந்தால் பெரும்பாலும் பழைய கண் வலியின் விளைவு. ஹெர்ப்பஸ் வைரஸ் அடிக்கடி காரணம். கருவிழியில் கறுப்புத் திட்டு தெரிந்தால் அதற்குத் தனி அறுவை தேவைப்படும்.

காப்பீடு எடுத்திருந்தால், பரம்பரைக் குறைகளை விலக்கி வைத்திருக்கிறார்களா என்று முன்பே படித்துவிடுங்கள். இந்தக் குறை குட்டிகளுக்கும் இறங்கும் என்பதால், வயதும் உடல்நிலையும் ஒத்துவந்தால் கருத்தடையையும் அதே மயக்கத்தில் முடித்துத்தரக் கேட்கலாம். ஒரு மயக்கச் செலவு மிச்சம்.