அம்பாசடர் பின்பக்கக் கமான்: பட்டை சேர்க்கும் முன் அளந்து பாருங்கள்

அம்பாசடரின் பின்பக்கம் தொங்குகிறது என்று சொன்னால் பட்டறையில் கிடைக்கும் முதல் யோசனை, "ஒரு பட்டை எக்ஸ்ட்ரா போட்டுடலாம் சார்." கமான் என்பது வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங் (லீஃப் ஸ்பிரிங்). அதில் இன்னொரு பட்டை போட்டதும் வண்டி நிமிர்ந்து நிற்கும். பிறகு ஒவ்வொரு வேகத்தடைக்கும் பின்சீட்டில் இருப்பவர் துள்ளுவார். பின்பக்கம் உயர்ந்ததால் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி, புதிதாக ஒரு அதிர்வும் வந்து சேரலாம். தேய்ந்த புஷ் (கமான் முனைகளில் இருக்கும் ரப்பர் உறை), துருவேறி ஒட்டிக்கொண்ட பட்டை, செத்துப்போன ஷாக் அப்சார்பர் எல்லாம் அப்படியே இருக்கும்.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 என்ற பிரிட்டிஷ் காரிலிருந்து வந்த அமைப்பு இது. மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை அடிப்படை மாறவில்லை: இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் முழு ஆக்ஸில், இருபுறமும் நீளவாக்கில் ஒவ்வொரு கமான். எடை தாங்குவதும், ஆக்ஸிலை இடம் மாறாமல் பிடித்திருப்பதும், பிரேக் அடிக்கும்போது வரும் முறுக்கை வாங்குவதும் அந்தக் கமான்தான். அதனால் பின்பக்கப் புஷ் தளர்ந்தால் நேர்ச்சாலையிலும் வண்டி அலையும். பலர் ஸ்டியரிங் பாக்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

முதல் வேலை அளவெடுப்பது. சமதளம், நான்கு டயரிலும் சரியான காற்று, காலி டிக்கி. சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை இருபுறமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அரை அங்குலத்துக்கு மேல் தாழ்ந்திருந்தாலும் உடனே கமானைக் கழற்ற வேண்டாம். முன்பக்கம் கமானுக்குப் பதில் டார்ஷன் பார், அதாவது முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் எஃகுக் கம்பி. அதில் ஒரு பக்கம் தளர்ந்தால் வண்டி மூலைவிட்டமாகச் சாய்ந்து, குற்றம் பின்பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். முன்பக்கம் குறுக்கே போகும் சட்டமான கிராஸ் மெம்பரின் நட்டநடுவில் ஜாக்கி கொடுத்து, முன் சக்கரங்கள் தரையைவிட்டு எழும்வரை தூக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சாய்வு போய்விட்டால் பின் கமான்மேல் பழி இல்லை.

கழற்றுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே யு போல்ட் (கமானை ஆக்ஸிலோடு கட்டுவது), ஷேக்கிள் (கமானின் பின்முனையைப் பாடியோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு), முன் கண் போல்ட் (முன்முனை வளையத்தில் போவது) ஆகியவற்றின் நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். நட்டுகள் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து இழுத்தால் முனை மழுங்கி, வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். முதல் இளக்கத்தை வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதே கொடுங்கள். ஸ்டாண்டில் ஏற்றியபின் நீளக் குழாய் மாட்டி இழுப்பது ஆபத்து.

முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். பின் ஆக்ஸிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கமானின் முன்முனையைப் பாடியில் தாங்கும் ஹேங்கருக்குச் சற்று முன்னால், பாடியின் பெட்டிப்பகுதியில் மரப்பலகை வைத்து ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது; துருவேறிய தகரத்தில் ஸ்டாண்ட் வைத்தால் உள்ளே குத்திக்கொண்டு போகும். ஷாக்கின் கீழ் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலைத் தாங்கும் ஜாக்கியைக் கமானில் இழுப்பு இல்லாத நிலைவரை மெதுவாக இறக்குங்கள். பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும். ஆக்ஸில் ஒருபோதும் ஹோஸில் தொங்கக்கூடாது. பட்டறைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் தவிர, இரண்டு கமானையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒரு பக்கம் மாட்டியிருந்தால் ஆக்ஸில் ஓரளவு தன் இடத்திலேயே இருக்கும், திரும்ப மாட்டும்போது பாதி வேலை மிச்சம்.

யு போல்ட், அடித்தட்டு, ஷேக்கிள், கடைசியில் முன் கண் போல்ட் என்ற வரிசையில் எடுங்கள். வம்பு செய்வது முன் கண் போல்ட்தான். புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். நட்டு கழன்றாலும் போல்ட் வராது, சுற்றினால் ரப்பர் மட்டும் முறுகும். சுத்தியால் அடித்து ஹேங்கரை வளைப்பதைவிட, ஹேங்கருக்கும் கண்ணுக்கும் இடையே ரம்பப் பிளேடை விட்டு இருபுறமும் போல்ட்டை அறுத்துவிடுவது மேல். போல்ட்டும் புஷ்ஷும் எப்படியும் புதிதாகத்தான் போடப் போகிறோம். ஹேங்கர் கண்ணுக்குத் தெரியும் இந்த நேரத்தில் அதைச் சுற்றியுள்ள தகரத்தை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பின் ஷேக்கிள் மாட்டும் டிக்கி அடிப்பகுதியும் அப்படித்தான், சேறு தங்கும் இடம். குத்தினால் உள்ளே போகிறதென்றால் கமான் வேலையை நிறுத்திவிட்டு வெல்டிங் வேலையை முடியுங்கள்.

கமானைப் பிரிக்கும்போது அவசரம் கூடாது. பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றியதும் அவை விசையோடு விரியும். போல்ட்டுக்கு இருபுறமும் கனமான சி கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, நட்டைக் கழற்றி, கிளாம்பை மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அதற்கு முன்பே எல்லாப் பட்டைக்கும் முன்பக்கம் எது என்று குறித்துவையுங்கள். சென்டர் போல்ட் எல்லாக் கமானிலும் சரிபாதியில் இருக்காது. திருப்பிப் போட்டால் ஆக்ஸில் இடம் மாறிவிடும்.

கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்தபின் விரிசல் தேடுங்கள். சென்டர் ஓட்டையைச் சுற்றியும், கீழ்ப்பட்டையின் முனை உரசும் இடத்திலும்தான் பெரும்பாலும் விரிசல் விழும். பட்டையில் மண்ணெண்ணெய் தடவி, சில நிமிடம் கழித்து நன்றாகத் துடைத்து, சாக்பொடி தூவுங்கள். விரிசலில் ஊறிய எண்ணெய் கசிந்து கோடாகக் காட்டிக்கொடுக்கும். கோடு தெரிந்தால் அந்தப் பட்டை பழைய இரும்புதான். வெல்டிங் வைத்து ஒட்டலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கீழ்ப்பட்டை முனை மேல்பட்டையில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் போட்டிருந்தாலும் அந்தப் பட்டையை மாற்றுங்கள், பின்னாளில் உடைவது அந்தப் பள்ளத்தில்தான்.

வளைவு போயிருந்தால் கமான் பட்டறைக்குத்தான் போக வேண்டும். லாரித்தொழில் உள்ள ஊர்களில், குறிப்பாக நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில், இதற்குக் கை தேர்ந்தவர்கள் உண்டு. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: குளிர்ந்த பட்டையைச் சுத்தியால் தட்டி வளைவு ஏற்றுகிறார்களா, அல்லது பழுக்கக் காய்ச்சி வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவான சூட்டில் பதமாக்குகிறார்களா? முதலாவது மலிவு, ஆனால் சீக்கிரம் மறுபடி தொங்கும். இரண்டாவது நிற்கும். இரண்டும் இல்லாமல், ஓரிடத்தை மட்டும் கேஸ் விளக்கால் சிவக்க வைத்து வளைப்பவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த இடத்தில் பதம் போய், பட்டை வெறும் இரும்பாகிவிடும். எந்த முறையானாலும் இரண்டு கமானையும் சேர்த்தே கொடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளைவை ஒப்பிட்டு வாங்குங்கள்.

திரும்பக் கோக்கும்போது பட்டை முனைகளின் கூர்மையை அரத்தால் மழுக்கி, மெல்லிய பெயின்ட் ஒரு கோட், அது காய்ந்தபின் பட்டைகளுக்கிடையே கிராஃபைட் கிரீஸ். தடித்த பெயின்ட் வேண்டாம். ஓடும்போது அது தேய்ந்து போய், யு போல்ட்டின் பிடி தளரும். சென்டர் போல்ட் புதிது, அதுவும் ஹை டென்சைல். ஹார்டுவேர் கடைச் சாதா போல்ட் அறுந்தால் ஆக்ஸில் நகர்ந்து வண்டி நண்டுபோல் பக்கவாட்டில் ஓடும். கிளிப்புகள் பட்டைகளை ஒன்றாக வைத்திருக்க வேண்டும், நசுக்கக்கூடாது.

ரப்பர் புஷ்ஷை ஏற்ற சோப்புத்தண்ணீர் போதும். என்ஜின் ஆயிலோ சாதா கிரீஸோ தொட்டால் ரப்பர் ஊதி மெதுமெதுத்துப் போகும். ஆக்ஸில் சீல் ஒழுகும் வண்டிகளில் புஷ் சீக்கிரம் போவதும் இதனால்தான், சீலையும் கையோடு மாற்றுங்கள். பாலியூரித்தேன் புஷ் நீடித்து உழைக்கும், ஆனால் சாலையின் சத்தத்தை உள்ளே கொண்டுவரும். அம்பாசடரின் மெத்தை ஓட்டம் பிடித்தவர்களுக்கு ரப்பர்தான் சரி.

மாட்டும்போது முன் கண், பிறகு ஷேக்கிள், கடைசியில் யு போல்ட். சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் இருக்கையின் குழியில் உட்கார்ந்ததை விரலால் தடவிப் பார்த்தபின்தான் யு போல்ட் ஏற வேண்டும். பழைய யு போல்ட் ஒருமுறை இழுபட்டு நீண்டது, திரும்பப் போடாதீர்கள். நான்கு நட்டையும் மூலைவிட்டமாக, சிறிது சிறிதாக இறுக்கி, இருபுறமும் மரை ஒரே அளவு வெளியே தெரிகிறதா பாருங்கள்.

கண் போல்ட்டையும் ஷேக்கிளையும் இந்தக் கட்டத்தில் கையிறுக்கம் மட்டும் கொடுங்கள். பெரும்பாலான பட்டறைகள் தவறு செய்வது இங்கேதான். ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொண்டு வேலை செய்கிறது. கமான் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் புஷ் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் மாட்டிக்கொண்டு, சீக்கிரமே கிழியும். வண்டியும் சற்று உயர்ந்தே நிற்கும். சக்கரம் மாட்டி, தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலைந்து முறை அழுத்திவிட்டு, வண்டி தன் எடையில் நிற்கும்போது இறுதி இறுக்கம் கொடுங்கள்.

ஷாக்கைத் திரும்ப மாட்டுமுன் சோதியுங்கள். டெலஸ்கோபிக் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து இழுத்து அழுத்தினால் வழிநெடுக ஒரே எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் 'லொடக்' என்று வெற்றிடம் தட்டினால் ஜோடியாக மாற்றுங்கள்.

எல்லாம் முடிந்தபின் இருபுறமும் முன் ஹேங்கரிலிருந்து ஆக்ஸில்வரை டேப் பிடியுங்கள். வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் ஏதோ ஒரு சென்டர் போல்ட் குழியில் உட்காரவில்லை. ஹேண்ட்பிரேக் கேபிளின் தளர்ச்சியையும் பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓட்டியபின் யு போல்ட்டை மறுபடி இறுக்குங்கள், 500-இல் இன்னொரு முறை.