மாரியில் வயிறு ஊதும் கிற்றார்கள்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் எங்கள் கிற்றார் திருத்தகத்துக்கு வருகிறவர்கள், சாமானை மேசையில் வைத்த கையோடு கேட்பது ஒன்றுதான்: "தம்பி, இது மெசினால செய்ததோ, கையால செய்ததோ?" கை என்றால் உசத்தி, மெசின் என்றால் மட்டம் என்ற தீர்ப்பு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கும். இரண்டு பக்கமும் சம்பளம் வாங்கியவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

தென்கொரியாவுக்கு வேலைக்குப் போனபோது எனக்கு வாய்த்தது இஞ்சியோனில் ஒரு கிற்றார் தொழிற்சாலை. ஒரு முனையில் மரத்தைப் போட்டால் மறுமுனையில் கிற்றார் வந்து விழும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். உள்ளே எங்கு பார்த்தாலும் ஆட்கள். கழுத்தைக் கணினி மெசின் செதுக்கித் தரும், சரி. அதைத் தேய்ப்பவர், உள்ளே சட்டங்களை ஒட்டுபவர், சுழலும் சில்லில் உடலைப் பிடித்து மினுக்குபவர் எல்லாரும் மனிதர்கள். அந்த மினுக்கும் வேலையில் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலும் பூச்சு எரிந்து மரம் தெரியும். அதைச் செய்த அம்மா ஒருவரின் கை நிதானத்தை இன்றுவரை வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

எனக்குத் தந்தது மெட்டு வேலை. மெட்டு என்றால் கழுத்தின் முகப்பில் இருக்கும் விரற்பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி. விரற்பலகையில் மெட்டுகளுக்கான வெட்டுகள் ஒரே ஓட்டத்தில் விழுந்துவிடும். ஒரே அச்சில் இருபதுக்கு மேற்பட்ட வட்ட வாள்கள், இடைவெளி முன்கூட்டியே பூட்டியபடி. தந்தி நீளம் 648 மில்லிமீற்றர் என்றால் முதல் மெட்டு 36.37 மில்லிமீற்றரில் வரவேண்டும். மிச்ச நீளத்தை ஒவ்வொரு தடவையும் 17.817 ஆல் வகுத்துக்கொண்டு போனால் 12ஆவது மெட்டு சரிபாதியில், 324 இல் வந்து நிற்கும். மேல் மெட்டுகளில் ஒரு மில்லிமீற்றர் தவறினாலே காது கண்டுபிடித்துவிடும். அந்த வாள்களோடு எந்தத் தச்சரும் போட்டிபோட முடியாது, போடத் தேவையும் இல்லை.

வெட்டில் மெட்டுகளை இறுக்கிய பிறகு பலகை என் மேசைக்கு வரும். ஒவ்வொரு மெட்டின் முதுகிலும் கறுப்பு மை பூசுவேன். சாண்ட் பேப்பர் ஒட்டிய நேரான எஃகுக் கட்டையை நீளவாக்கில் இழுப்பேன். உயரமானவற்றில் மை போய்விடும், தாழ்ந்ததில் அப்படியே நிற்கும். எல்லாவற்றிலும் ஒரு மயிரிழைக்கு மை போகும்வரை இழுக்க வேண்டும். பிறகு அரத்தால் முதுகை உருட்டி எடுத்து அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். நாள் முழுக்க இதுதான். என் மேசையைத் தாண்டிய கிற்றார் ஒன்றுக்காவது தந்தி பூட்டி நான் கேட்டதில்லை. தந்தி பூட்டுவது வேறு கட்டடத்தில்.

ஊருக்குத் திரும்பி அண்ணையோடு சேர்ந்தபோதுதான் நான் வேலை செய்த சாமானின் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன் என்று சொல்லலாம். அண்ணை அடிப்படையில் தளபாடத் தச்சர். அலுமாரி, கதவு, பிறகு வீணைக்கு மேளம் கட்டுவது. வீணையின் 24 மெட்டுகளையும் மெழுகில் வைத்துக் காதால் நகர்த்தி நகர்த்தி நிறுத்துகிற வேலை அது. மெழுகு இளகினால் திரும்பவும் கட்டலாம். கிற்றாரில் அந்த வசதி இல்லை. வாள் விழுந்த இடம் விழுந்ததுதான். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் அண்ணையே தொழிற்சாலைப் பக்கம். வெட்டி முடித்த விரற்பலகையை வாங்கித்தான் எங்கள் கிற்றாருக்குப் போடுகிறோம்.

அலுமாரி செய்கிறவனுக்குக் கிற்றார் எதற்கு என்று சிலர் அவரைக் கேட்பதுண்டு. ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷனில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே சண்டை நடந்தது. வயலின் செய்பவர்களின் சங்கம், தளபாடத் தச்சர்கள் கிற்றார் செய்யவே கூடாது என்று வழக்காடியது. அந்தத் தச்சர்களில் ஒருவரான மார்ட்டின் 1833இல் நியூயோர்க்குக்குக் கப்பலேறினார். அவர் தொடங்கிய சின்னக் கடைதான் இன்று பென்சில்வேனியாவில் பெரிய தொழிற்சாலை. அவர்களது பத்து இலட்சமாவது கிற்றார் 2004இல் வந்தது. இதைச் சொன்னால் அண்ணைக்கு நெஞ்சு நிமிரும்.

தொழிற்சாலைக்கும் அண்ணையின் மேசைக்கும் வித்தியாசம் இருப்பது கிற்றாரின் முகப்பான மேற்பலகையில். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரப் பலகை ஏறக்குறைய 2.5 முதல் 3 மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கும். ஆனால் ஒரே தடிப்பில் இருக்கிற இரண்டு பலகைகள் ஒரே விறைப்பில் இருப்பதில்லை. கனடாவிலிருந்து உறவுக்காரர் சூட்கேசில் உடுப்புகளுக்கு நடுவே கொண்டுவந்து தரும் பலகையை அண்ணை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து நடுவில் தட்டுவார். சீவுளியால் நாலு இழுப்பு இழுப்பார். திரும்பத் தட்டுவார். குறுக்காக வளைத்துப் பார்ப்பார். சத்தம் நீண்டு நிற்கத் தொடங்கும்போது நிறுத்துவார். தொழிற்சாலையில் ஒருவரும் தட்டிப் பார்க்க மாட்டார்கள். தட்டத் தெரியாமல் இல்லை. மேசையில் எழுதி ஒட்டியிருக்கும் அளவை மாற்றும் உரிமை எந்தக் கைக்கும் இல்லை.

அதற்கும் நியாயம் இருக்கிறது. ஆறு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. விற்ற கிற்றார் நோர்வேக்குப் போகுமா, சிங்கப்பூருக்குப் போகுமா, வெயிலில் நிற்கும் காருக்குள் கிடக்குமா என்று தொழிற்சாலைக்குத் தெரியாது. உத்தரவாதத்தில் திரும்பி வந்தால் நட்டம். ஆகவே எல்லாவற்றையும் ஒரு பிடி தடிப்பாகவே செய்கிறார்கள், சத்தம் கொஞ்சம் அடைத்தாலும் பரவாயில்லை என்று. அண்ணைக்கு வாங்குகிறவரைத் தெரியும், அவர் வீட்டுக் கூரை ஓடா தகரமா என்பதும் தெரியும்.

இங்கே மாரி தொடங்கினால் எங்களுக்கு வேலை கூடும். தொழிற்சாலை அறையில் ஈரப்பதன் 45 முதல் 50 வீதத்துக்குள் கட்டி வைத்திருப்பார்கள். அந்தக் காற்றில் ஒட்டிய பலகை கார்த்திகை மழைக்கு ஈரம் குடித்து வயிறு ஊதும். மேற்பலகையில் தந்திகளைப் பூட்டும் பாலம் மேலெழும், தந்தி உயரும், பிள்ளைகளுக்கு விரல் நோகும். தேவாலயப் பாடகர் குழுப் பெடியள் அந்த நாட்களில் வரிசையாக வருவார்கள். பாலத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் சேணத்தைக் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்து, மாட்டெலும்பில் இன்னொரு உயரமான சேணமும் செய்து கொடுத்துவிடுவோம், சோளகம் வீசத் தொடங்கும்போது மாற்றிக்கொள்ளச் சொல்லி. இதில் அதிகம் தப்புவது மலிவான ஒட்டுப்பலகைக் கிற்றார்தான். அதன் சத்தம் எனக்குப் பிடிக்காது, ஆனால் பழகுகிற பிள்ளைக்கு அதையே வாங்கச் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் ரேடியோ திருத்தும் கடையிலிருந்து வந்தவர் லியோ ஃபெண்டர். கிற்றார் வாசிக்கத் தெரியாது. 1950இல் அவர் விற்கத் தொடங்கிய மின்கிற்றாரில் கழுத்தை ஒட்டாமல் நாலு திருகாணியால் பூட்டினார். வேகமாகச் செய்வதற்காக வந்த யோசனை அது. திருத்துகிற எங்களுக்கு அது வரம். ஒட்டிய கழுத்து என்றால் நீராவி விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அசைக்க வேண்டும்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது புதுக் கிற்றார் வாங்க ஆளில்லை, எங்கள் மேசை நிறைந்தது. அந்த நேரம்தான் அண்ணை சொந்தமாகச் செய்வதைக் கூட்டினார். முதுகுக்கும் பக்கத்துக்கும் பலா, பாலத்துக்கு இடிந்த வீட்டு நிலையிலிருந்து கழற்றிய பழைய முதிரை. செலவழித்த நேரத்தைக் கணக்குப் பார்த்தால் கூலியாள் சம்பளம்கூடத் தேறாது. அவர் கணக்குப் பார்ப்பதில்லை, நானும் நினைவூட்டுவதில்லை.

அதில் ஒன்றை நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவர் எடுத்து வாசித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"முழுக்கக் கையால செய்ததுதானே?"

"விரற்பலகை வெட்டு தொழிற்சாலையில செய்தது, முறுக்காணிகளும் வாங்கினதுதான்" என்றேன். உள்ளேயிருந்து அண்ணை எட்டிப் பார்த்தார்.

"அது பரவாயில்லை, பெட்டியோட கட்டித் தாங்கோ. கொண்டுபோகப் போறன்."

கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? இது யாழ்ப்பாணக் காற்றில், இந்த ஈரத்தில் ஒட்டியது. அங்கே மாரிக்குளிரில் வீட்டுக்குள் சூடாக்கி ஓடும்போது காற்று காய்ந்து போகும், இவ்வளவு மெல்லிய பலகை சுருங்கி வெடிக்கும். அங்கே வாசிப்பதற்கு அங்கேயே ஒரு நல்ல தொழிற்சாலைக் கிற்றார் வாங்குங்கள் என்று சொன்னேன். அவர் யோசித்தார். கடைசியில் வாங்கி, கொக்குவிலில் தங்கச்சி வீட்டில் வைத்துவிட்டுப் போனார், வரும்போது வாசிப்பதற்கு. விலையில் மட்டும் நன்றாகக் குறைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு அண்ணை சீவுளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இனிமேல் வெளிநாட்டுக்காரர் வந்தால் நீ உள்ளுக்க இரு. நான் கதைக்கிறன்."