ஜூனியர் தொப்பி, சீனியர் தண்ணீர்: ஒரு வாட்டர் போலோ சீசன், 2024

ஜூன் 1, சனி

சீசன் தொடங்கிவிட்டது. வாட்டர் போலோ என்றால் நீந்திக்கொண்டே பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டம். லேன் கயிறுகளைச் சுருட்டி ஓரம் போட்டு, கோல் இரண்டையும் மிதக்கவிட்டு இழுத்துக் கட்டுவதற்குள் எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் கால்வாசி ஓடிப்போனது. கோல் என்னவோ 3 மீட்டர் அகலம், தண்ணீருக்கு மேல் 90 சென்டிமீட்டர் உயரம், அவ்வளவுதான். ஆனால் கயிறு ஒரு பக்கம் தொய்ந்தாலும் போதும், பந்து மோத மோதப் பின்னால் நகர்ந்துகொண்டே போகும்.

இந்த முறை 16 வயதுக்கு உட்பட்ட ஜூனியர் அணியில் ஆள் தாராளம். சீனியர் பக்கம்தான் பஞ்சம். ஒருவருக்குத் தோள்பட்டை போய்விட்டது, இரண்டு பேருக்கு வேலை மாறிவிட்டது. தண்ணீரில் ஒரு நேரத்தில் 7 பேர் வேண்டும், மாற்று ஆட்களோடு 13 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். சீனியர் பட்டியலில் இருப்பது 9.

எதிர்பார்த்தபடியே சீனியர் கேப்டன் வந்து நின்றார். "உங்க பசங்கள்ல மூணு பேரைக் குடுங்க கோச். சனிக்கிழமை ரெண்டு மேட்சும் ஆடிட்டுப் போகட்டும்." அவர் கேட்டது கீப்பர் பெண்ணை, விங்கில், அதாவது ஓரத்தில் ஆடும் 4-ஆம் தொப்பியை, சென்டரில் ஆடும் 7-ஆம் தொப்பியை. (பசங்களை இங்கே தொப்பி எண்ணால்தான் குறிக்கிறேன்.) கேட்பவர் சும்மா கேட்கவில்லை, பொறுக்கி எடுத்துத்தான் கேட்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

ஜூன் 5, புதன்

இன்று பந்தையே எடுக்கவில்லை. முழுக்க எக்பீட்டர், அதாவது காலைச் சுழற்றியே தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும் முறை.

இந்த விளையாட்டில் தரையைத் தொடக் கூடாது, பந்தை இரண்டு கையால் பிடிக்கக் கூடாது. இரண்டுக்கும் கீப்பருக்கு மட்டும், அதுவும் தன் 6 மீட்டர் எல்லைக்குள், விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு எல்லாமே காலில்தான். நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி தொடையை முன்னால் தூக்கி, முட்டியை அகட்டி, முழங்காலுக்குக் கீழே மட்டும் வட்டம் போட வேண்டும். வலது ஒரு பக்கம் சுழன்றால் இடது எதிர்ப்பக்கம், அதுவும் ஒன்று மாற்றி ஒன்று. தவளை உதையில் இரண்டு காலும் சேர்ந்து உதைப்பதால் உடம்பு ஏறி இறங்கும். இதில் எப்போதும் ஏதோ ஒரு கால் தண்ணீரை அழுத்திக்கொண்டிருப்பதால் தலை ஒரே மட்டத்தில் நிற்கும். அப்படி நின்றால்தான் கை ஓங்கிக் குறி வைக்க முடியும்.

முழங்கை இரண்டும் தண்ணீருக்கு வெளியே தெரியும்படி குளத்தின் அகலத்துக்குப் போய்வரச் சொன்னேன். முதல் நடையில் சிரிப்பும் பேச்சும். நான்காவது நடையில் மூச்சுச் சத்தம் மட்டும். முட்டியின் உள்பக்கம் வலித்தால் வீரம் காட்டாமல் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வதை இந்த வருடமும் சொன்னேன்.

கேப்டன் கேட்டதற்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. வயது மட்டும் பார்த்து முடிவெடுக்கிற விஷயமில்லை, ஆடுகிற இடத்தைப் பார்க்க வேண்டும். கீப்பரை யாரும் கட்டிப்பிடிக்கப் போவதில்லை. விங்கில் நிற்பவன் நீந்தித் தப்பித்துக்கொள்ளலாம். சென்டர் அப்படி இல்லை. எதிரணி கோலுக்கு 2 மீட்டர் தள்ளி, கோலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பின்னால் ஒருவர் தோளில் மொத்த எடையையும் போட்டு அமுக்குவார். தண்ணீருக்கு அடியில் நடக்கும் இழுபறியில் பாதி நடுவர் கண்ணுக்குத் தெரியாது. 15 வயதுப் பையன் முப்பது வயது ஆளிடம் அங்கே மல்லுக்கட்டி என்ன கற்றுக்கொள்ளப் போகிறான்?

ஜூன் 8, சனி

சொல்லிவிட்டேன். கீப்பர் வரலாம், 4 வரலாம், 7 இந்த வருடம் வேண்டாம். கேப்டன் முகம் சுருங்கியது. "அந்த இடத்துக்குத்தானே கோச் இன்னொரு ஆளே இல்ல" என்றார். அவர் சொல்வதும் உண்மைதான்.

ஜூன் 15, சனி

முதல் சுற்று.

இறங்குவதற்கு முன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி நடுவர் விரல் விரலாகத் தடவிப் பார்ப்பார். கைநகம், கால்நகம் இரண்டும். மோதிரம், சங்கிலி எதுவும் கூடாது, உடம்பில் எண்ணெய் கூடாது. எங்கள் 9-ஆம் தொப்பியின் கட்டைவிரல் நகத்தில் ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. நடுவர் அந்த விரலைப் பிடித்துத் தன் முன்கையிலேயே லேசாக இழுத்தார். வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. அதை அவனிடமே காட்டினார். பையன் வாயைத் திறக்காமல் நகவெட்டியைத் தேடிக்கொண்டு ஓடினான்.

ஜூனியர்கள் 9-6 வெற்றி. 7-ஆம் தொப்பி சென்டரில் நின்று நான்கு எக்ஸ்க்ளூஷன் வாங்கிக் கொடுத்தான். அதாவது அவனைப் பிடித்து அமுக்கிய தப்புக்காக எதிரணி ஆள் 20 விநாடி வெளியே போக, இரண்டு பக்கமும் கீப்பர் போக, நாங்கள் 6 பேரும் அவர்கள் 5 பேருமாக ஆட்டம் நடக்கும். அந்த 20 விநாடியில் கோல் போடத் தெரியாத அணி ஜெயிக்கவே முடியாது. நாங்கள் நான்கில் மூன்றைப் போட்டோம்.

சீனியர்கள் 7-12 தோல்வி. ஆனால் கீப்பர் பெண் நன்றாகவே நின்றாள். ஜூனியர் ஆட்டத்தில் அவள் தடுத்துப் பழகியது 4-ஆம் எண் பந்து, சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர். சீனியர் ஆண்கள் பந்து 5-ஆம் எண், 68 முதல் 71. கேட்க அற்ப வித்தியாசம். அவள் முன்கையைப் பார்த்தால் தெரியும், பந்தின் வரிகள் சிவப்பாக அப்படியே பதிந்திருந்தன. "வலிக்குதாம்மா?" என்றேன். "பந்து வர்றது லேட்டாத்தான் தெரியுதுண்ணா, அதுதான் கஷ்டம்" என்றாள்.

ஜூன் 22, சனி

மேசை வேலை பற்றி ஒரு வார்த்தை. மைதானத்தில் கத்துகிற பெற்றோர் ஏராளம், மேசையில் உட்காருகிற பெற்றோர் சொற்பம். எங்களுக்கு வாய்த்தவர் 9-ஆம் தொப்பியின் அம்மா. யார் கோல், யாருக்கு எத்தனை தனிப்பட்ட தப்பு என்று எழுத வேண்டும், வெளியே போனவர் திரும்பும் நேரத்துக்கு அவர் தொப்பி நிறத்துக் கொடியைத் தூக்க வேண்டும், மூன்றாவது தப்பானால் சிவப்புக் கொடி காட்ட வேண்டும். அதோடு அந்த ஆளின் ஆட்டம் அன்றைக்கு முடிந்தது. இன்று சிவப்புக் கொடி காட்ட வேண்டியிருந்தது அவர் மகனுக்கு. கை நடுங்காமல் தூக்கினார். வீட்டுக்குப் போய் என்ன பேசிக்கொண்டார்களோ.

இரண்டு அணியும் தோல்வி.

ஜூலை 6, சனி

இன்று போன குளத்தில் ஒரு பக்கம் ஆழம் குறைவு. விதிப்படி 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது. அங்கே குறைந்தது என்று நெட்டையான பையன்கள் நிமிர்ந்து நின்ற நிமிர்ப்பிலேயே தெரிந்தது. கட்டைவிரலை ஊன்றி ஒரு எம்பு எம்பி ஷாட் அடித்தால் எந்தக் கீப்பரும் பாவம்தான். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவார்கள் என்பதால் கணக்கு சரியாகிவிடும் என்று ஒரு நியாயம் சொன்னார்கள். கால் குட்டையான அணிக்கு அது எப்படிச் சரியாகும்? எங்கள் பையன்களில் பாதிப் பேருக்கு அந்தத் தரை எட்டவே எட்டாது.

ஜூனியர் 5-5 சமன். சீனியர் 8-7. முதல் வெற்றி! கடைசி நிமிடத்தில் கீப்பர் பெண் தடுத்த பந்தை அப்படியே 4-ஆம் தொப்பிக்கு நீளமாக வீச, அவன் தனியாகப் போய்ப் போட்டான். இரண்டு ஜூனியர்கள் சேர்ந்து சீனியருக்கு வாங்கிக் கொடுத்த வெற்றி. கேப்டன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வாக்கியம் இருந்தது. நான் படிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜூலை 17, புதன்

7-ஆம் தொப்பி தானே வந்து கேட்டான். "ஒரே ஒரு மேட்ச் அண்ணா. சீனியர் சென்டர் அண்ணன் இந்த வாரம் ஊர்ல இல்லையாம்." கேப்டன் அனுப்பினாரா என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றான். அவன் அப்பாவிடமும் பேசிவிட்டு, ஆட்டத்தின் நான்கு குவார்ட்டரில் இரண்டு மட்டும் என்று சம்மதித்தேன்.

ஜூலை 20, சனி

இரண்டு குவார்ட்டர் ஆடினான். அடி இல்லை, காயம் இல்லை. நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. நான் யோசித்தே பார்க்காத ஒன்று நடந்தது.

சீனியர் குவார்ட்டர் ஒன்று 8 நிமிடம், அதுவும் பந்து ஓடும் நேரம் மட்டுமே கணக்கு. எங்கள் ஜூனியர் லீகில் 6. பந்து கைக்கு வந்த 30 விநாடிக்குள் ஷாட் அடித்தாக வேண்டும். அடித்ததும் எல்லோரும் திரும்பி மறுமுனைக்கு நீந்த வேண்டும். பையன் நீந்தினான். 2 மீட்டருக்குப் போய் இடம் பிடித்தான். கையைத் தூக்கிப் பந்து கேட்டான். பந்து வரவில்லை. திரும்ப நீந்தினான். இப்படியே இரண்டு குவார்ட்டர். ஒரு பெற்றோர் எடுத்த வீடியோவை ராத்திரி ஓட்டிப் பார்த்தேன். அவன் கைக்குப் பந்து வந்தது இரண்டே முறை. ஒருமுறை அவன் பின்னால் இருந்தவரைச் சுற்றித் திரும்பிக் கோலுக்கு நேராகவே வந்துவிட்டான். அப்போதும் யாரும் அவனைப் பார்க்கவில்லை.

"பசங்க டீம்ல நான் கை தூக்கினா பந்து வரும்ணா. அங்க நான் இருக்கறதே தெரியல அவங்களுக்கு." கோபமாகச் சொல்லவில்லை, அதிசயமாகச் சொன்னான்.

சீனியர்களைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. தோற்றுக்கொண்டிருக்கும் அணியில் யாரும் 15 வயதுப் பையனை நம்பிப் பந்தைக் கொடுக்கத் துணிய மாட்டார்கள். ஆனால் பந்து கொடுக்க மனமில்லை என்றால் ஆளையும் கேட்கக் கூடாது. இதைக் கேப்டனிடம் இதே வார்த்தைகளில் சொன்னேன். அவர் வீடியோவை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தபோது எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 24, புதன்

சீனியர் பயிற்சியில் கேப்டன் 7-ஐத் தண்ணீருக்குள் கூப்பிட்டு, ஒவ்வொரு தாக்குதலிலும் முதல் பாஸ் சென்டருக்குத்தான் என்று விதி வைத்து ஆடவிட்டார். சீனியர்கள் முனகினார்கள். நல்ல பயிற்சி.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பாரிஸ் ஒலிம்பிக் இறுதி. பசங்களை உட்காரவைத்து ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: பந்தைப் பார்க்காதே, சென்டரைப் பார். அரை குவார்ட்டர்கூடத் தாங்கவில்லை, எல்லோர் கண்ணும் பந்துக்கே போய்விட்டது. குழு ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 8-3 என்று அடிவாங்கிய அதே செர்பியா, குரோஷியாவை 13-11 என்று வென்றது. 2016, 2020, இப்போது 2024, தொடர்ந்து மூன்றாவது தங்கம். நேற்று பெண்கள் இறுதியில் ஸ்பெயின் 11-9 என்று ஆஸ்திரேலியாவை வென்றதைக் கீப்பர் பெண் முழுக்கப் பார்த்திருக்கிறாள். ஆண்களுக்கு 1900-லேயே ஒலிம்பிக்கில் இடம் கிடைத்த இந்த ஆட்டத்துக்குப் பெண்கள் 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்றேன். "நூறு வருஷம் என்ன பண்ணிட்டிருந்தாங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

ஆகஸ்ட் 17, சனி

ஜூனியர் அரையிறுதி, 6-8 தோல்வி. எங்களைவிட நன்றாக ஆடினார்கள், எழுத வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 24, சனி

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். முழு நேரம் 7-7. பெனால்ட்டி ஷூட் அவுட்.

அணிக்கு 5 பேர், 5 மீட்டரிலிருந்து. கீப்பர் பெண் முதல் பந்தையே இடது மணிக்கட்டில் வாங்கி வெளியே தள்ளினாள். நான்கு சுற்று முடிந்தபோது 3-3. அடுத்து எங்கள் 4-ஆம் தொப்பி. பந்தைத் தூக்கினான். விசில். கை பாதி தூரம் போய் நின்று, மறுபடி போனது. பந்து வலைக்குள். கோல் என்று எல்லோரும் குதிக்க, நடுவர் கையை ஆட்டி இல்லை என்றார்.

நடுவர் செய்தது சரி. விசில் கேட்டதும் தாமதிக்காமல், கை ஓட்டம் நடுவில் நிற்காமல் நேரே எறிந்தாக வேண்டும். போக்குக் காட்டக் கூடாது. ஆட்டத்துக்குள் அந்தப் போக்குக் காட்டல் தப்பே இல்லை, அதுதான் திறமை. அதை 4 கற்றது சீனியர் ஆட்டங்களில்தான். ஜூனில் அவனுக்கு அது தெரியாது. ஆகஸ்டில் அவன் கையே அதைச் செய்கிறது. எதிரணியின் கடைசி ஆள் போட்டுவிட்டார். 4-3, நாங்கள் நான்காம் இடம்.

அவனை யாரும் திட்டவில்லை. 7 போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தொப்பி முடிச்சை அவிழ்த்துவிட்டான். ஈரத்தில் இறுகிப்போன முடிச்சு, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது.

சீனியர்கள் கடைசி ஆட்டத்தில் 10-9 வென்று, கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பித்தார்கள். 7 ஒரு குவார்ட்டர் ஆடி இரண்டு எக்ஸ்க்ளூஷன் வாங்கிக் கொடுத்தான். பந்து அவனுக்கு வந்தது.

ஆகஸ்ட் 31, சனி

கூட்டம். வழக்கம்போல் இரண்டு மணி நேரம், அதில் ஒன்றரை மணி நேரம் டி-ஷர்ட் நிறம்.

மீதி அரை மணியில் முடிவானவை. சீனியர் ஆட்டத்துக்குப் போகும் ஜூனியர், முந்தைய இரண்டு வாரமாவது சீனியர்களோடு பயிற்சி செய்திருக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்றால் இரண்டாவதில் பாதிதான். சென்டரில் யார் போகலாம் என்பதை ஜூனியர் கோச் சொல்வார், கேப்டன் அல்ல. இந்தக் கடைசி விதியை முன்மொழிந்தவர் கேப்டன். நான் கை தூக்கும் முன்பே மற்றவர்கள் தூக்கிவிட்டார்கள்.

16 முடிந்து 4-ஆம் தொப்பி அடுத்த வருடம் முழுநேர சீனியர். கீப்பர் பெண்ணுக்கும் 7-க்கும் இன்னும் ஒரு ஜூனியர் வருடம் பாக்கி. ஷூட் அவுட்டை இனி மாதம் ஒருமுறையாவது விசிலோடு பழக வேண்டும்.

குளம் பராமரிப்புக்காக மூடுகிறார்கள். புதன்கிழமைக்குள் கோல் வலைகளைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட நான்கு பேர் வேண்டும். இதுவரை பெயர் கொடுத்திருப்பது 9-ஆம் தொப்பியின் அம்மா மட்டும்.