ஆயில் கணக்கு

ஏப்ரல் 26, 2025, சனி

என் வேகன் ஆர் காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். பதினொரு மணிக்கு போன். "சார், எஸ்டிமேட் 4,953 வருது, வேலையை ஆரம்பிச்சிடலாமா?" லிஸ்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் பதினொரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். பில் கைக்கு வந்தால் கீழிருந்து மேலே படித்துத்தான் பழக்கம். லேபர் 1,100. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 198. ஏசி கிருமி நீக்கம் 600. த்ராட்டில் பாடி க்ளீனிங் 650. இன்ஜின் ஃப்ளஷ் 350. எல்லாவற்றுக்கும் மேலே, நான் எதற்காக வண்டியை விட்டேனோ அது: ஆயில் 1,890, ஃபில்டர் 145, வாஷர் 20. ஆக 2,055. மீதி 2,898 ரூபாயை யார் கேட்டார்கள்?

சாயங்காலம் போய் வண்டியை அப்படியே எடுத்து வந்துவிட்டேன். "ஏன் சார், ஏதாவது பிரச்சினையா?" என்றார் கவுன்ட்டர் பையன். தங்கமான பையன். டார்கெட் வைத்து அவனை ஓட்டுகிறவர்கள் வேறு யாரோ.

ஏப்ரல் 28, திங்கள்

டேஷ்போர்டுப் பெட்டியில் வண்டியின் கையேடு கிடந்தது. 2014-ல் வாங்கிய நாள் முதல் பிரிக்காத புத்தகம். ஆயில் மாற்ற 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது என்று போட்டிருக்கிறது. கண்ணாடியில் ஒர்க்ஷாப் ஒட்டிய ஸ்டிக்கரோ 5,000 என்கிறது. இத்தனை வருஷமாக ஸ்டிக்கரைத்தான் நம்பியிருக்கிறேன். தூசி அதிகமான ரோடு, கொஞ்ச தூரமே போய் அணைக்கிற ஓட்டம் என்றால் சீக்கிரம் மாற்றச் சொல்லி அதே புத்தகத்தில் இருக்கிறது. கல் குவாரி லாரிகளுக்குப் பின்னால் தினமும் போகிறவன் அந்த வரியைத் தாண்டிப் போகக் கூடாது. ஆனால் என் ஓட்டம் பெரும்பாலும் நாற்பத்துநாலாம் நம்பர் ஹைவேயில், தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், ஒரே வேகத்தில். இனிமேல் 7,500 என்று வைத்துக்கொள்கிறேன். இதற்கு ஸ்பானரே வேண்டாம்; படித்தாலே காசு மிச்சம்.

மே 1, வியாழன்

லீவு. நாலு ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடை திறந்திருந்தது. கையேடு சொன்ன 5டபிள்யூ-30 ஆயில், மூன்றரை லிட்டர் கேன், 1,640. ஃபில்டர் 110. பதினேழாம் நம்பர் ரிங் ஸ்பானர் 180. புனல் 40. உப்புத்தாள் 15. கூட்டினால் 1,985.

வழியில் பாய் ஒர்க்ஷாப்பில் தலையைக் காட்டினேன். வேப்ப மரத்தடியில் தகர ஷெட், அவ்வளவுதான் ஒர்க்ஷாப். "நீங்களே மாத்தப் போறீங்களா சார்? எம் பொழப்புல மண்ணு போடறீங்களே" என்று சிரித்தார். அப்புறம் அவரே எல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. ஆயில் இறக்குகிற போல்ட்டை முழுக் கையால் முறுக்கக் கூடாது. சம்ப்பில், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டியில், மரை போய்விட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதோடு போகும். பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்றார். அதில் மட்டும் நான் கையேட்டின் பக்கம்.

மே 4, ஞாயிறு

இன்றைக்கு அக்னி நட்சத்திரம் ஆரம்பம். ஆறு மணிக்கே இறங்கிவிட்டேன். சித்தப்பா வீடு கட்டியபோது மிஞ்சிய கிரானைட் பலகைகளைப் படி மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, முன் சக்கரங்களை ஏற்றினேன். நான்கு விரல் தடிமன், தரையில் படுக்கப் போட்டால் அசையாது. இதற்குக் கடையில் ரேம்ப் விற்கிறார்கள். இந்த ஊரில் கல்லுக்குக் காசு கொடுப்பானா ஒருத்தன்? ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தேன். ஐந்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தால்தான் ஆயில் முழுசாக இறங்கும். கொதித்தால் கை வெந்துவிடும்.

ஃபேக்டரியில் நசுங்கிப்போன 3.1 கிலோ கூழ் டின் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். ஒரு சாண் கூட வராத வாய். போல்ட்டுக்கு நேர் கீழே டின்னை வைத்துவிட்டுக் கடைசி மரையைக் கையால் கழற்றினேன். ஆயில் நேராகக் கீழே விழும் என்று யார் சொன்னது? பைப் திறந்த மாதிரி பக்கவாட்டில் அரையடி தள்ளிப் பாய்ந்தது. டின்னை அங்கே நகர்த்துவதற்குள் ஒரு சொம்பு வாசலில். அங்கே பிடித்துக்கொண்டேன். வேகம் குறையக் குறைய ஒழுக்கு பின்வாங்கி வந்து, டின்னுக்கு இந்தப் பக்கம் கொட்டியது. டார்ச் பிடிக்க வைத்திருந்த பாப்பா வெளிச்சத்தை எறும்பு வரிசைக்குத் திருப்பியிருந்தாள். "அப்பா, எறும்பெல்லாம் சுத்திக்கிட்டுப் போவுது" என்றாள். அவளுக்கு அதுதான் செய்தி.

ஃபில்டர் அசையவில்லை. போன தடவை எந்தப் புண்ணியவானோ ஆயுசுக்கும் கழற்ற வேண்டாம் என்று முறுக்கியிருக்கிறான். உப்புத்தாளைச் சொரசொரப்புப் பக்கம் உள்ளே இருக்கும்படி சுற்றிப் பிடித்ததும் க்ரீச்சென்று திரும்பியது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதோடேயே வந்துவிட்டதா என்று பார்த்தேன். இன்ஜினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால், புது வளையம் அதன் மேல் உட்கார்ந்து மொத்த ஆயிலும் ரோட்டுக்கு வந்துவிடும். வந்திருந்தது. புது வளையத்தில் ஒரு விரல் ஆயில் தடவி, உட்கார்ந்த பிறகு இன்னொரு முக்கால் சுற்று, கையாலேயே.

சமதரைக்கு இறக்கி ஆயில் ஊற்றினேன். கேனை அப்படியே கவிழ்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஆயில் அளவு காட்டுகிற டிப்ஸ்டிக் குச்சியைப் பார்த்து, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து மறுபடி பார்த்து, மேல் குறிக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினேன். ஏறக்குறைய மூன்று லிட்டர். டிப்ஸ்டிக்கில் ஆயில் இருப்பதே தெரியவில்லை, அத்தனை தெளிவு.

அம்மா அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து வாசலில் கொட்டினாள். "டேய், கோலம் போடற எடம்டா இது." சோப்புத்தூளும் மரத்தூளும் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. ராகிக் களியை ஸ்பூனில் சாப்பிடச் சொல்லிவிட்டாள். களியை, ஸ்பூனில்!

மே 5, திங்கள்

ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்திருந்தேன். காலையில் பார்த்தால் எட்டணா அளவுக்கு ஒரு வட்டம். ஆபீஸுக்கு பஸ்ஸில் போனேன். காரிமங்கலம் தாண்டுகிற வரைக்கும் அந்த வட்டம்தான் கண்ணில்.

சாயங்காலம் பாய்க்கு போன் போட்டேன். ஒரே கேள்விதான் கேட்டார்: "வாஷர் மாத்துனீங்களா சார்?" ஒர்க்ஷாப் லிஸ்டில் 20 ரூபாய் என்று இருந்ததே, அதைக் கடையில் வாங்காமலே விட்டிருக்கிறேன். போல்ட்டுக்கு அடியில் உட்கார்ந்து, ஒருமுறை இறுக்கினால் நசுங்கி அடைக்கிற சாமான் அது. பழசைத் திரும்பப் போட்டால் சில சமயம் பிடிக்கும், சில சமயம் இப்படி.

மே 11, ஞாயிறு

வாரம் பூராவும் பஸ். வாஷர் 15 ரூபாய். புது ஆயில் மொத்தத்தையும் இறக்கியாக வேண்டும். டின்னைக் கழுவி, வெயிலில் காயவைத்து, இந்த முறை அரையடி தள்ளி வைத்தேன். பின்வாங்கும்போது கூடவே நகர்த்தினேன். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. டின் விளிம்பு வரைக்கும் நிறைந்துவிட்டது, பால்குடம் மாதிரி இரண்டு கையாலும் தூக்கி வந்தேன். பழைய வேட்டியின் ஒரு முழத்தைக் கிழித்துப் புனலில் போட்டு வடிகட்டித் திரும்ப ஊற்றினேன்.

அட்டை இன்று ராத்திரிக்கும் உண்டு.

மே 12, திங்கள்

அட்டை சுத்தம்.

மொத்தச் செலவு 2,000. எஸ்டிமேட்டோடு பார்த்தால் 2,953 மிச்சம். கேட்கிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். இங்கே மட்டும் மற்றதையும் எழுதிவிடுகிறேன். இதே ஆயில், ஃபில்டர், வாஷரை வாங்கிக்கொண்டு பாயிடம் போயிருந்தால் கூலி 250. ஆக 2,015. நானே செய்ததில் மிச்சம் 15 ரூபாய். அடுத்த தடவை ஸ்பானரும் புனலும் வாங்க வேண்டாம் என்பதால் அது 250 ரூபாய்ப் பக்கம் வரும். வேட்டி கணக்கில் சேராது, அது ஏற்கனவே கிழிந்தது.

ஜூன் 15, ஞாயிறு

எழுத நேரமில்லை. பெங்களூரா மாம்பழ லாரிகள் கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் நிற்கின்றன, வீடு திரும்ப ராத்திரி பதினொன்று ஆகிறது. டிப்ஸ்டிக் பார்த்தேன். அளவு இறங்கவில்லை, நிறம் மட்டும் கறுத்திருக்கிறது. கறுத்தால் ஆயில் செத்துவிட்டது என்று பக்கத்து வீட்டு மாமா சொல்கிறார். அழுக்கையும் கரியையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதுதான் ஆயிலுக்கு வேலை, அதனால்தான் கறுக்கிறது என்றேன். ஏற்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மே மாதம் இறக்கிய பழைய ஆயில் புது ஆயில் வந்த கேனிலேயே மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. சென்ட்ரிங் மேஸ்திரி ஒருவர் தகடுக்குத் தடவக் கேட்டார். அம்மா மாட்டுக்கொட்டகை மரத்துக்குக் கரையான் மருந்தாகக் கேட்டாள். இரண்டுமே ஊரில் நடப்பதுதான். ஆனால் அபாயக் கழிவுகளுக்கான 2016 விதிகளில் பழைய ஆயிலும் சேரும். மழை வந்தால் கொட்டகைக்குப் பின்னால் கிணறு இருக்கிறது. பாய் ஷெட்டில் ஒரு டிரம் உண்டு, நிறைந்ததும் வாங்குகிற ஆள் வண்டியோடு வருவார். அங்கே கொண்டுபோனேன்.

பாய் கேனைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வடிகிற வரைக்கும் டிரம் விளிம்பில் சாய்த்து வைத்தார். ஒழுகிய கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பையனிடம் இரண்டு டீ சொன்னார். பின் பிரேக்கில் சத்தம் வருகிறதே, நானே கழற்றிப் பார்க்கட்டுமா என்றேன்.

"அதை மட்டும் வேணாம் சார். வண்டியை இங்க விட்டுட்டுப் போங்க."

சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.