பழைய ரோட்டரி ஸ்டார்ட் ஆகாமல் படுத்துகிறதா? புகையைத் தனியாக வைத்துப் பாருங்கள்

பழைய ரோட்டரி கார் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் இன்ஜின்) காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, ஆனதும் சைலன்சர் வழியாகப் புகை கக்குகிறது என்று யாரிடம் சொன்னாலும் ஒரே தீர்ப்புதான்: ஏபெக்ஸ் சீல் போச்சு, இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். போன குளிர்காலத்தில் என் நண்பர் ஒருவருக்கும் இதையேதான் சொன்னார்கள். மெல்பர்னில் இருக்கிறார், 1987 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-7, டர்போ இல்லாத, இரண்டு ரோட்டர் கொண்ட 13பி இன்ஜின். காட்டிய இடத்தில் ஒரு பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் ரீபில்டுக்கு விலை சொல்லிவிட்டார்கள். "அண்ணா, பேசாம வித்துடலாமா?" என்று போன் செய்தார். விற்பது அப்புறம், முதலில் ஸ்டார்ட் ஆகாததையும் புகையையும் இரண்டு தனித்தனி நோயாக எடுத்துக்கொண்டு பார்ப்போம் என்றேன்.

சும்மா சொல்லவில்லை. பிஸ்டன் இன்ஜினில் கம்ப்ரஷனைப் பிடிக்கும் ரிங்கும் ஆயிலை வழித்துவிடும் ரிங்கும் ஒரே பிஸ்டனில் மாட்டி ஒரே சிலிண்டர் சுவரில் உரசுகின்றன, ஏறக்குறைய சேர்ந்தே தேய்கின்றன, அதனால் நீலப் புகையைப் பார்த்ததும் கம்ப்ரஷனும் போயிருக்கும் என்று ஊகிப்பதில் ஓரளவு நியாயம் உண்டு. ரோட்டரியில் அந்தக் கணக்கு செல்லாது. முக்கோண ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல், பக்கங்களில் சைடு சீல், இரண்டும் சேரும் மூலையில் கார்னர் சீல். கம்ப்ரஷன் இவற்றின் பொறுப்பு. ஆயிலைத் தடுப்பது வேறு ஆட்கள். ரோட்டரைக் குளிர வைக்க அதன் வயிற்றுக்குள்ளேயே ஆயில் பீய்ச்சப்படுகிறது, அது எரியும் அறைக்குள் கசியாமல் பார்த்துக்கொள்ள ரோட்டரின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு ஆயில் கண்ட்ரோல் ரிங், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் ஓ-ரிங். முப்பது வருடத்துக்கு மேல் சூட்டில் வெந்து அந்த ரப்பர் கல்லாக இறுகியிருக்கும், ஏபெக்ஸ் சீல் மட்டும் கம்பீரமாக இருக்கும். நேர்மாறாகவும் நடக்கும்: துளிப் புகை இருக்காது, கம்ப்ரஷன் செத்துக் கிடக்கும். மூன்றாவதாகக் கூலண்ட் சீல்கள். இரும்புத் தட்டுகளையும் அலுமினிய ரோட்டர் ஹவுசிங்குகளையும் மாற்றி மாற்றி அடுக்கி நீண்ட போல்ட்டுகளால் இறுக்கியதுதான் இந்த இன்ஜின், ஒவ்வொரு இணைப்பிலும் தண்ணீரைத் தடுக்க சீல்கள் உட்கார்ந்திருக்கின்றன.

அதனால் என்ன நிறத்தில் புகை வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஸ்டார்ட் ஆகாததற்கும் அதே கேள்விதான்: ஆறிக் கிடக்கும்போதா, சூடாக இருக்கும்போதா?

காலையில் ஒரே செல்ஃபில் எழுந்துகொள்கிறது, ஆனால் நன்றாக ஓட்டிச் சூடாக்கி நிறுத்தி, பெட்ரோல் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்தால் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, தள்ளி ஸ்டார்ட் செய்தால் மட்டும் உடனே எழுகிறது என்றால், அங்கே ஏபெக்ஸ் சீலையோ சைடு சீலையோ சந்தேகப்படலாம். சூட்டில் ஆயில் இளகிவிடும், இடைவெளிகளை அடைத்துக்கொண்டிருந்த அந்தப் படலம் மெலிந்து கம்ப்ரஷன் நழுவும். தள்ளும்போது ஸ்டார்ட்டர் மோட்டாரைவிட வேகமாகச் சுற்றுவதால் தப்பித்துவிடுகிறது. பலர் இந்த நிலையில் பெரிய ஸ்டார்ட்டர் மோட்டார் வாங்கிப் போட்டு ஓரிரு வருடம் ஓட்டுவார்கள், அது தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அப்படிப்பட்ட காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்தான் பாவம். வாங்கப் போகிறவர்களுக்கு: விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தாலும் பரவாயில்லை, பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

நண்பரின் கார் இதற்கு நேர் எதிர். சூட்டில் உடனே ஸ்டார்ட் ஆனது. இரவு முழுக்க நின்றால்தான் சண்டை, அதுவும் எழுந்ததும் ஒரு ரோட்டர் மட்டும் வேலை செய்வது போலக் குலுங்கி, சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு பெரிய புகை மண்டலம். அந்தப் புகையில் எரியாத பெட்ரோல் வாடை. இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும்.

குளிரில் இப்படி நடந்தால் இரண்டு காரணங்களை முதலில் பார்க்க வேண்டும்: பெட்ரோல் ஒழுகல், கூலண்ட் ஒழுகல். இரண்டுமே ராத்திரியில் ஒரு அறைக்குள் இறங்கிப் பிளக்கை நனைத்து வைக்கும், அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் காலையில் மக்கர் செய்கிறது. கூலண்ட் என்றால் புகை வெள்ளையாக, லேசான இனிப்பு வாடையோடு, காற்றில் கலையாமல் தொங்கும். மெல்பர்ன் குளிர்காலக் காலையில் எல்லாக் காரும் விடுகிற நீராவி நாலடி தள்ளிப் போனதும் காணாமல் போய்விடும், அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கழற்றிய பிளக்கை முகர்ந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ரேடியேட்டர் கழுத்தில் இன்ஜின் ஓடும்போது ஓயாமல் குமிழி வருகிறதா, குறைந்த கூலண்டுக்காகப் பஸர் அடிக்கடி கத்துகிறதா என்று பாருங்கள். கூலிங் சிஸ்டத்துக்குக் கைப்பம்ப்பால் அழுத்தம் ஏற்றி ராத்திரி முழுக்க விட்டால் முள் இறங்குகிறதா என்பதும், எரிந்த வாயு கலந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாகும் சோதனைத் திரவமும் மீதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். இதில் மாட்டினால் தப்ப வழியில்லை, இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். கசிவு அடைக்கும் டப்பா மருந்துகளை ஊற்றுவது ரேடியேட்டரையும் சேர்த்துக் கெடுக்கும் வேலை.

நண்பரின் காரில் கூலண்ட் சுத்தம், அழுத்தம் அசையவில்லை. ஆனால் டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது, ஆயிலில் பெட்ரோல் நாற்றம்.

இந்த 13பி-யில் நான்கு இன்ஜெக்டர்கள். அவற்றில் பிரைமரி இரண்டும் நடு இரும்புத் தட்டில், இன்டேக் போர்ட்டை ஒட்டியே இருக்கின்றன. அவை மூடாமல் சொட்டினால், காரை நிறுத்திய பின் எரிபொருள் ரயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அழுத்தத்தோடு தேங்கிய பெட்ரோல் நேராக எரியும் அறைக்குள் இறங்கும். பெட்ரோல் ஏபெக்ஸ் சீல்களின் ஆயில் படலத்தைக் கழுவிவிடும், கம்ப்ரஷன் விழும், பிளக்கும் ஈரம், அப்புறம் செல்ஃப் அடிக்க அடிக்க இன்னும் பெட்ரோல்தான் போகும். இந்த ஓவர்ஃப்ளோ எல்லாப் பெட்ரோல் இன்ஜினிலும் உண்டு, ரோட்டரி அதற்குப் பெயர் போனது இதனால்தான். குளிர்ந்த காரை வீட்டு வாசலில் பத்தடி நகர்த்திவிட்டு உடனே அணைப்பவர்களுக்கு இன்ஜெக்டர் நல்ல நிலையில் இருந்தாலும் இதே கதிதான்.

ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டால் செய்ய வேண்டியது எளிது. பெட்ரோல் இன்ஜெக்ஷனுக்கான இஜிஐ ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுப் பிளக்குகளைக் கழற்றுங்கள் (ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக்: கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங், வயர்களை மாற்றி மாட்டிவிடாதீர்கள்), ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் சில நொடிகள் செல்ஃப் அடித்து உள்ளே இருப்பதை வெளியே தள்ளுங்கள். அந்தத் துளைகளில் பெட்ரோல் பீறிட்டு வரும், பக்கத்தில் தீப்பொறி எதுவும் கூடாது. பிறகு ஒவ்வொரு ரோட்டருக்கும் ஒரு சின்ன ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுக் கையால் சுற்றி, உலர்ந்த பிளக் போட்டு ஸ்டார்ட் செய்தால் எழுந்துவிடும். ஊர் கூடும் அளவுக்குப் புகை வரும். அது நீங்கள் ஊற்றிய ஆயில்தான்.

பெட்ரோல் வாடை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாடலில் எரிபொருள் ரயிலில் பல்சேஷன் டேம்பர் என்று ஒரு சின்ன உருண்டை உண்டு, வயதானால் அதன் உள்தகடு கிழிந்து சூடான இன்ஜின் மேலேயே பெட்ரோல் சொட்டும், எரிந்துபோன கார்கள் உண்டு. போனட்டுக்குள் பெட்ரோல் வாடை வந்தால் கண்டுபிடிக்கும் வரை ஓட்டாதீர்கள்.

இன்ஜெக்டர்தான் காரணம் என்று தோன்றினாலும், கம்ப்ரஷனை அளக்காமல் பணம் செலவழிக்கக் கூடாது. இங்கேதான் சாதாரண மெக்கானிக்குகள் தடுக்கி விழுகிறார்கள். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், மூன்றும் ஒரே பிளக் துளையைத் தாண்டிப் போகின்றன. பிஸ்டன் இன்ஜினுக்கான கேஜ், மூன்றில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக் காட்டும். ஒரு முனையில் சீல் உடைந்திருந்தாலும் மற்ற முகம் அதை மறைத்துவிடும். ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டர் மூன்றையும் தனித்தனியாகக் காட்டி, 250 ஆர்பிஎம்முக்குக் கணக்கிட்டுத் தரும். அது கிடைக்காவிட்டால் கேஜின் சின்ன வால்வைக் கழற்றிவிட்டு முள் துள்ளுவதைப் பாருங்கள். மூன்று துள்ளலும் ஒரே உயரம் இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் பிளக் துளையிலிருந்து வரும் சத்தத்தைக் கேளுங்கள், புஸ் புஸ் புஸ் என்று சீராக வந்தால் நல்லது, புஸ் புஸ் என்று வந்து ஒன்று விடுபட்டால் ஒரு சீல் போயிற்று. பேட்டரி முழு சார்ஜில், இன்ஜின் சூட்டில், ஆக்சிலரேட்டர் முழுக்கத் திறந்து அளக்க வேண்டும். இந்தத் தலைமுறை இன்ஜினுக்கு 85 பிஎஸ்ஐ குறைந்தபட்சம், முகங்களுக்கிடையே 21 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. நண்பரின் இன்ஜினில் ஆறு முகமும் அந்தக் கோட்டுக்கு மேலேயே நின்றன. புது இன்ஜின் இல்லை, ஆனால் சாகவும் இல்லை.

பிரைமரி இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினோம். மேலே இருக்கும் இன்டேக்கைக் கழற்றாமல் கை போகாது, அதற்கே அரை நாள். ஒன்று சும்மா இருக்கும்போதே ஒழுகியது. புது இன்ஜெக்டர், புது ஓ-ரிங், ஆயில் மாற்றம். காலையில் ஸ்டார்ட் ஆகும் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது.

புகை தீரவில்லை. பெட்ரோல் கலந்து நீர்த்த ஆயிலை மாற்றியதும் நன்றாகவே குறைந்தது, ஆனால் சிக்னலில் நீண்ட நேரம் நின்றுவிட்டு ஆக்சிலரேட்டரைத் தொட்டால் இன்னும் ஒரு நீலப் புகை. ஐடிலில் உறிஞ்சும் வெற்றிடம் அதிகம், தளர்ந்த ஆயில் ரிங் வழியாக அது ஆயிலை இழுத்து வைக்கிறது, மிதித்ததும் எரிந்து வெளியேறுகிறது. ஆயில் கண்ட்ரோல் ரிங் தளர்ந்ததற்கு வழக்கமான அடையாளம் இது. ஆனால் ஏபெக்ஸ் சீலுக்கு ஆயில் விடும் இன்ஜெக்ஷன் நாசில்களின் வால்வும் அதற்குப் போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் ரிங்கைக் குற்றம் சொல்ல வேண்டும், பார்த்தோம், சரியாகவே இருந்தன.

ரோட்டரி கொஞ்சம் ஆயில் குடிப்பது நோயே அல்ல. நம் ஊர் யமஹா ஆர்எக்ஸ் 100-இல் 2டி ஆயில் தனி டேங்கிலிருந்து பம்ப் வழியாகப் போய் எரிந்தது போல இங்கேயும் ஒரு மீட்டரிங் பம்ப், ஏபெக்ஸ் சீலுக்கு வழவழப்புக் கொடுக்க வேண்டுமென்றே ஆயிலை உள்ளே விடுகிறது, என்ன, தனி டேங்க் இல்லாமல் இன்ஜின் ஆயிலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எனவே ஆயில் குறைகிறதே என்று பயந்து அந்தப் பம்ப்பை அடைத்துவிட்டு, பெட்ரோலிலும் ஆயில் கலக்காமல் ஓட்டுபவர்கள், நன்றாக இருந்த சீலையும் தின்றுவிடுகிறார்கள்.

நண்பர் கடைசியில் இன்ஜினைப் பிரிக்கவில்லை. ஓ-ரிங் சில டாலர்தான், ஆனால் அதை மாற்ற முழு இன்ஜினையும் வெளியே எடுத்துத் தட்டுத் தட்டாகப் பிரிக்க வேண்டும். அவ்வளவு தூரம் போனால் எல்லா சீலையும் மாற்றாமல் மூடுவது முட்டாள்தனம், ஆக அது முழு ரீபில்டு செலவுதான். கம்ப்ரஷன் நிற்கும் வரை இப்படியே ஓடட்டும், சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் நாளில் இரண்டையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அதுவரை பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக் பார்க்கிறார், டிக்கியில் ஒரு கேன் ஆயில் கிடக்கிறது.